ராத்திரி மாத்திரை

என் மகள் பிறந்து மூன்று வருஷமும் சில மாதங்களும் கழித்துத்தான் நான் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். இதைச் சொன்னால், ஏதோ சமத்காரமாகப் பேசுகிறேன் என்று நினைக்கிறார்கள். டாக்டர் தூக்கக் கூடாது என்றார், நான் தூக்கவில்லை, அவ்வளவுதான். இவள் யார் பேச்சைக் கேட்டாள் என்று என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். நியாயம்தான். டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்றைக் கேட்டேன், இன்னொன்றைக் கேட்கவில்லை. மாற்றிச் செய்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. செஞ்சி கடைத்தெருவில் என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் சேர்ந்து ஒரு பாத்திரக்கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. வாங்க வருகிறவர்கள் குடத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள், அந்தச் சத்தம் சமையல்கட்டு வரைக்கும் வரும். நாங்கள் ஜைனர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். விளக்கு வைத்த பிறகு வீட்டில் அடுப்பு எரியாது. தண்ணீர் குடிப்பதும் நோயாளிகள் மருந்து சாப்பிடுவதும் அவரவர் சௌகரியம். ரொம்பக் கண்டிப்பானவர்கள் அதையும் விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த அளவுக்குக் கண்டிப்பு கிடையாது.

அண்ணன் சம்சாரத்தை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம், அவளுக்குக் குழந்தை இல்லை. நான் வந்த இரண்டாம் வருஷமே முழுகாமல் இருந்தேன். அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளே கண்டுபிடித்து, சமையல்கட்டிலிருந்து என்னை வெளியே தள்ளி, "போய் குந்து. இனிமே இங்க உனக்கு இன்னா வேலை" என்றாள்.

ஒன்பதாம் மாதம் தொண்டூரில் அம்மா வீட்டில் இருந்தேன். கால் இரண்டும் வீங்கி மெட்டி கழற்ற முடியாமல் போனது. தலை வலித்தது. சுவரைப் பார்த்தால் சுவரில் மினுக் மினுக்கென்று பூச்சி பறந்தது. பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்காமல் இருக்குமா என்றார்கள். மருத்துவச்சியும் அதையேதான் சொன்னாள். எல்லோரும் சொன்னதால் நானும் நம்பினேன். பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது, நெஞ்சு ஒரு அடி தவறி நின்று, பிறகு நாலைந்து அடியைச் சேர்த்து அடித்தது. கிணற்று உருளையிலிருந்து கயிறு நழுவி மறுபடி மாட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. நைனா வண்டி கட்டி, என்னைப் படுக்க வைத்தபடியே செஞ்சிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

செஞ்சியில் அப்போது ஒரு வயதான டாக்டர் இருந்தார். நல்ல மனுஷர், ஆனால் கத்துவார். பாதரசம் ஏறி இறங்குகிற பெட்டியை மேஜைமேல் திறந்து வைத்து, என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். ஒரு முறை பார்த்தார், மறு கையிலும் பார்த்தார். "நூத்தித் தொண்ணூறு" என்று என் நைனாவிடம் சொன்னார். எதற்கு நூற்றுத் தொண்ணூறு என்று நைனாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. "இருபத்திரண்டு வயசுப் பொண்ணுக்கு இது வரக்கூடாது. ஏன் வந்துதுன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது" என்றார்.

நாற்பது நாளில் சரியாகிவிடும் என்றார். ஆகவில்லை. மூன்று மாதம் என்றார். அதுவும் போயிற்று. அதுவரை படுத்தபடியேதான் குழந்தைக்குப் பால் கொடுத்தேன். அப்புறம்தான் சட்டம் போட்டார். உப்பு கூடாது. குடம் தூக்கக் கூடாது. படி ஏறக் கூடாது. இன்னொரு குழந்தை கூடவே கூடாது. மாத்திரை உடம்பில் சேருவதால் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. குழந்தையைத் தூக்கவும் கூடாது. காலையில் ஒரு மாத்திரை ரத்த அழுத்தத்துக்கு, இன்னொன்று நெஞ்சுக்கு. ராத்திரி படுக்கப் போகும்போது அழுத்தத்துக்கு மறுபடியும் ஒன்று. "நேரத்தை மாத்திப் போட்ட, நெஞ்சு நின்னுடும். வெளையாட்டு இல்ல" என்று மேஜையைத் தட்டினார். அந்த ஒரு வாக்கியத்தை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

"கொழந்தைய எப்ப தூக்கலாம்?" என்று கேட்டேன்.

"பிரஷர் எறங்கட்டும், தூக்கலாம்."

அன்றைக்கே அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டாள். பசும்பாலைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, பாலாடையால் புகட்டக் கற்றுக்கொண்டாள். பக்கத்து அறையில் குழந்தை அழும்போதெல்லாம் என் மார் கட்டிக்கொண்டு வலிக்கும். மல்லிகைப்பூ வைத்துக் கட்டிப் பால் வற்ற வைத்தார்கள். அந்தப் பூ வாசனை எனக்கு இன்றைக்கும் ஆகாது. விசேஷ வீடுகளில் யாராவது பூ நீட்டினால் தலைவலி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

உப்பில்லாத சாப்பாடு எங்களவர்களுக்குப் புதிதில்லை. விரத நாட்களில் உப்பை விடுவார்கள், நெய்யை விடுவார்கள். ஆகவே நான் வருஷம் முழுக்க உப்பை விட்டதும் தெருவில் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. இந்த வயசில் எவ்வளவு வைராக்கியம் என்று வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த புண்ணியம் என்று நான் சொன்னால் அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த வெறும் கஞ்சியைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும். ஒரே ஒரு ஊறுகாய்த் துண்டுக்காக நான் எதையும் கொடுத்திருப்பேன்.

பகலெல்லாம் பாயில் படுத்திருப்பேன். ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை மலை தெரியும். வெயிலில் அந்தப் பாறையெல்லாம் காய்ந்து, சாயங்காலம் ஊர் முழுக்க அனலை அனுப்பும். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள் கடைத்தெருவில் வரிசையாக ஆரன் அடிக்கும். ஒவ்வொரு ஆரனுக்கும் என் நெஞ்சு தவறும். எத்தனை அடி தவறியது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். வேறு என்ன வேலை எனக்கு.

குழந்தையை என் பக்கத்தில் கொண்டுவந்து விடுவாள் அக்கா. என் விரலைப் பிடித்துக்கொண்டு விளையாடும். என்மேல் ஏறப் பார்த்தால் உடனே தூக்கிவிடுவார்கள். "அம்மாவுக்கு நெஞ்சு. மேல ஏறக் கூடாது." வீட்டுக்காரர் சொல்வார், அண்ணன் சொல்வார், அக்கா சொல்வாள். கடைக்கு வந்த பெண்கள்கூட எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். அக்காவைக் குறை சொல்ல முடியாது. என்னை அம்மா என்றும் தன்னைப் பெரியம்மா என்றும் கூப்பிடத்தான் சொல்லிக் கொடுத்தாள். குழந்தையும் அப்படியேதான் கூப்பிட்டது. ஆனால் வாசலில் விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டால், என்னைத் தாண்டிக்கொண்டு பெரியம்மாவிடம் ஓடும். நான் பாயிலிருந்து நீட்டிய கையை மடக்கிக்கொள்வேன்.

குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது தொண்டூரில் ஒரு கல்யாணம். வண்டியில் அழைத்துப் போனார்கள். ஊருக்கு வெளியே பாறையில் பழைய காலத்து முனிவர்கள் படுத்த கல்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே சுவாமியையும் செதுக்கியிருக்கிறார்கள். சின்ன வயதில் ஓடி ஏறுவேன். அன்றைக்கு ஏறக் கூடாது என்பதால் கீழேயே நின்றேன். எல்லோரும் மேலே போயிருந்தார்கள். நான் கைகூப்பி, மனசுக்குள் ஒரு விரதம் எடுத்துக்கொண்டேன். என் குழந்தையை நான் தூக்குகிற நாள் வரைக்கும், பொழுது சாய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் படாது. யாரிடமும் சொல்லவில்லை. விரதம் எடுப்பதானால் பெரியவர்கள் முன்னால் முறைப்படி எடுக்க வேண்டும். கேட்டிருந்தால், நோயாளிக்கு இதெல்லாம் வேண்டாம் என்று தடுத்திருப்பார்கள். அதனால்தான் கேட்கவில்லை.

ராத்திரி மாத்திரை ஞாபகம் வந்தது செஞ்சிக்குத் திரும்பிய பிறகுதான். வீட்டுக்காரர் வழக்கம்போல மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கடை பூட்டப் போனார். நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே போட்டுக்கொள்ளலாமா என்றால், நேரத்தை மாற்றினால் நெஞ்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேரத்துக்குப் போட்டால் விரதம் போய்விடும், விரதம் போனால் குழந்தை எனக்கு இல்லை. தண்ணீரை முற்றத்தில் கொட்டினேன். மாத்திரையை என் டிரங்குப் பெட்டியில் இருந்த சின்னப் பித்தளைச் செம்பில் போட்டேன். இரண்டு வருஷத்துக்கு மேல் தினமும் இதையேதான் செய்தேன்.

டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே என்று என் மகளே பிற்பாடு கேட்டிருக்கிறாள். அவர் வேறு மதம். உங்கள் சட்டதிட்டத்தையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வெளியே வையுங்கள் என்று ஒருதரம் என் முன்னாலேயே இன்னொருத்தியிடம் கத்தினார். எனக்கு ரோஷம். அவர் கத்துவதைக் கேட்க முடியாது என்பதற்காக வாயை மூடிக்கொண்டேன். வீம்பு என்று சொன்னாலும் சரிதான்.

மாதம் ஒருமுறை பட்டையைச் சுற்றுவார். நூற்றுத் தொண்ணூறு. நூற்று எண்பத்தைந்து. மறுபடி நூற்றுத் தொண்ணூறு. ஒவ்வொரு தடவையும் பாதரசத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், எங்கே நிற்கிறதோ அங்கே என் குழந்தை நிற்கிற மாதிரி. "இவ்வளவு மருந்துக்கும் கேக்கலையே" என்று டாக்டர் குழம்பினார். காலை மாத்திரையை இரண்டாக்கினார். அது எனக்குத் தாங்கவில்லை. காலையில் எழுந்தால் கண் இருட்டும், பகலெல்லாம் மனசு காரணமில்லாமல் அழும், சாயங்காலம் தலை வெடிக்கும். ஏன் இறங்கவில்லை என்று அவருக்குத் தெரியவில்லை. என் விரதத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்து நான் இன்னும் கண்டிப்பானேன். பொழுது சாய்வதற்கு அரைமணி முன்னாலேயே தண்ணீரை நிறுத்தினேன்.

குழந்தைக்கு மூன்று வயது ஆகும்போது ஒருநாள் காலையில் சமையல்கட்டு வாசலில் மயங்கி விழுந்தேன். நாடி ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது என்று டாக்டர் பயந்து, பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சீட்டெழுதிக் கொடுத்தார். வாடகைக் கார் பிடித்தார்கள். கிளம்பும்போது மகள் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று எனக்குக் கையாட்டினாள். அழவில்லை. உறவுக்காரர் ஊருக்குப் போகும்போது ஆட்டுவது போல ஆட்டினாள்.

அங்கே வார்டில் ஏழு மணிக்கு விளக்குப் போட்டதும் நர்ஸ் மாத்திரை கொண்டுவருவாள். கையில் வாங்கிக்கொண்டு, அவள் அடுத்த கட்டிலுக்குப் போனதும் தலையணைக்கு அடியில் வைப்பேன். நான்காம் நாள் காலையில் படுக்கை விரிப்பை மாற்றும்போது மூன்று மாத்திரைகளும் தரையில் உருண்டன. அவள் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போய் டாக்டரை அழைத்து வந்தாள். இளவயது டாக்டர். கட்டில் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கத்தமாட்டார் போலிருக்கிறதே என்று நினைத்ததுமே எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை நாளா ராத்திரி மருந்து இல்லாம இருக்கீங்க?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது."

"உங்களுக்குப் பொழுது எப்ப சாயும்?" என்று கேட்டார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஆறு, ஆறேகால்."

"அப்ப அஞ்சரைக்கு, சாப்பிட்ட கையோட போட்டுக்குங்க. ஒண்ணும் ஆகாது. விரதத்தை விடச் சொல்லி நான் கேக்கல. முதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா அந்த டாக்டரும் இதைத்தான் சொல்லியிருப்பார்."

அவ்வளவுதான் விஷயம். அஞ்சரை மணி. இரண்டு வருஷத்துக்கு மேல் என் குழந்தைக்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஒரு அரைமணி நேரம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஏன் எனக்கு இந்த வியாதி வந்தது என்று அவரையும் கேட்டேன். பிரசவத்தில் சிலருக்கு வருகிறது, பலருக்குத் தானாகவே போய்விடுகிறது, சிலருக்குப் போவதில்லை, காரணம் தெரியவில்லை என்றார். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தலாம், நெஞ்சு தவறி அடிப்பது மட்டும் இருந்துகொண்டேதான் இருக்கும் என்றார். இருக்கிறது, இதை எழுதும்போதும் தவறுகிறது.

வீடு திரும்பிய அன்று டிரங்குப் பெட்டியைத் திறந்து, செம்பை எடுத்து வீட்டுக்காரர் முன்னால் வைத்து, விரதத்தைச் சொன்னேன். அவர் அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அக்கா கதவருகில் நின்றிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"கொழந்தைக்குப் பழைய துணி தேடும்போது செம்பப் பாத்தேன். போன வருசமே பாத்துட்டேன். ராத்திரில நீ தண்ணிகூடக் குடிக்கறதில்ல, விரதம்னு புரிஞ்சிது. அதக் கலைக்கக் கூடாதுன்னுதான் சொல்லல." பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். "அது பொய் தங்கச்சி. ஒனக்கு நல்லா ஆயிட்டா இவளக் குடுத்துடணுமேன்னுதான் வாயத் தொறக்கல."

நான் கெட்ட வார்த்தை பேசினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் பேசாத வார்த்தைகள். நெஞ்சு கன்னாபின்னாவென்று அடித்தது, அடிக்கட்டும் என்று பேசினேன். அவள் எல்லாவற்றையும் நின்று கேட்டாள். பிறகு அடுப்பு மூட்டப் போனாள், பொழுது சாய்வதற்குள் சமைக்க வேண்டும் அல்லவா. பதினோரு நாள் அவளோடு பேசவில்லை. அந்தப் பதினோரு நாளும் அவள்தான் எனக்கு உப்பில்லாமல் தனியாக வடித்தாள், அஞ்சரைக்கு மாத்திரையைக் கையில் வைத்துவிட்டு, நான் விழுங்குகிற வரைக்கும் நின்று பார்த்தாள். நானாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று பாயில் படுத்துக்கொண்டு யோசித்தேன். ஒன்பது வருஷம் காத்திருந்து, ஒரு குழந்தை கையில் வந்து, அது தன்னையே தேடி ஓடி வரும்போது, நான் சொல்லியிருப்பேனா. சத்தியமாகத் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள், "கஞ்சி ஆறிப்போச்சு பாரு" என்று நானே பேசினேன்.

மூன்று மாதத்தில் பாதரசம் நூற்று நாற்பதுக்கு வந்தது. செஞ்சி டாக்டர் இரண்டு கையிலும் பார்த்தார். அவரிடமும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். "கேட்டிருக்கணும். நானும் கேக்கல" என்றார். பட்டையைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து மூடினார். "போ. போய் உன் பொண்ணத் தூக்கு."

கடைத்தெருவில் நடந்தே வந்தேன். தூக்கினால் எப்படி இருக்கும் என்று மூன்று வருஷமாக நினைத்துப் பார்த்திருந்தேன். கனம் எவ்வளவு இருக்கும், எந்தப் பக்க இடுப்பில் வைப்பது, எல்லாம். முற்றத்தில் அவள் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அக்கா என் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். "அம்மாகிட்ட போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குனிந்து தூக்கினேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தாள். கால் இரண்டும் என் முழங்கால் வரைக்கும் தொங்கின. அவளை இடுப்பில் வைத்து, என் கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். தலையில் நல்லெண்ணெய் வாசனை, அக்கா தேய்த்துவிட்டது. அவள் திமிறவில்லை, அழவில்லை. விறைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கனமாக இருந்துவிடக் கூடாது என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு தன் கையை எடுத்து என் நெஞ்சின்மேல் வைத்துப் பார்த்தாள்.

"எறக்கி வுட்டுடும்மா. ஒனக்கு நெஞ்சு."

"ஒண்ணும் ஆவாது கண்ணு. டாக்டரு சொல்லிட்டாரு."

"இல்லம்மா. அடிக்குது பாரு. நின்னு நின்னு அடிக்குது." பயத்தில் அவள் குரல் சின்னதாகிவிட்டது. "எறக்கி வுடு. நான் பெரிம்மாகிட்ட போறேன். நீ படுத்துக்க."

மூன்று வருஷமாக இந்த வீட்டில் எல்லோரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் அதை நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தாள். இறக்கிவிட்டேன். அவள் உடனே ஓடிவிடவில்லை. மூலையில் சுருட்டி வைத்திருந்த என் பாயை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு வந்து, ஜன்னலுக்குக் கீழே கோணலாக விரித்தாள். நான் படுக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, சத்தம் வராமல் காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.